சேற்றில் விழுந்த செருப்பு

“பால் வாங்கிட்டு வர இவ்வளவு நேரமா?” வாசலிலேயே மறித்தாள் மனைவி.

“வழியில ஒரு செருப்பு கழண்டு சேத்துல விழுந்துடுச்சு. எடுத்துக் கழுவிட்டு வர்றேன்.”

அவள் முகம் மாறியது. “விழுந்துடுச்சுன்னு யார் சொன்னா?”

“யாரும் சொல்லலை.”

“பொய் சொல்லாதீங்க. கூட யார் வந்தது?”

“யாருமே வரலைம்மா.”

“பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டாங்களா?”

“என்னை யாரு கூப்பிடப் போறா? போலீஸ்காரி மாதிரி குடையாதே!”

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள், வாசல் கூட்டுகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டாள்.

“என் மேல சத்தியமா?”

“சத்தியமா! ரெண்டு எட்டு வச்சேன். சேறு ஜில்லுன்னு பட்டுச்சு. குனிஞ்சு பார்த்தா வெறுங்கால்...” சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

முதுகுத்தண்டில் இரண்டு ரத்தக்குழாய்கள் தப்பாக ஒட்டிக்கொண்டு, அவர் பாதங்கள் மரத்துப்போய் ஒரு வருஷம். எத்தனையோ செருப்புகள் தெருவோடு போயின. ஒருமுறைகூட அவருக்குத் தெரிந்ததில்லை. பார்த்தவர்கள் கூப்பிட்டுச் சொன்னால்தான் உண்டு. ஆபரேஷன் செய்து அந்த இணைப்பைத் துண்டித்த டாக்டரும், “உணர்ச்சி திரும்புமான்னு போகப் போகத்தான் தெரியும்” என்றுதான் சொல்லியிருந்தார்.

மனைவி அப்படியே உட்கார்ந்து, அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள்.

எதிர்வீட்டுக்காரி துடைப்பத்தோடு ஓடிவந்தாள். “அழாதீங்க! யாருன்னு சொல்லிட்டாரா?”

“யாருமே சொல்லலையாம் அக்கா! இவருக்கே தெரிஞ்சிருக்கு!”