சனிக்கிழமைத் துடுப்பு

கதவு படாரென்று திறந்தது. கையில் போனுடன் டிட்டே மூச்சு வாங்க உள்ளே வந்தாள்.

“சிக்னே, போன்ல இருக்கிற அசைவு சென்சாரைப் படிக்கிறதுதானே உன் வேலை? இதைப் படி. போன சனிக்கிழமை யெப்பே போன்ல பதிவானது.”

“புருஷனையே வேவு பார்க்கிறியாடி?”

“சனிக்கிழமை ஆனா ஏரியில படகு ஓட்டப் போறேங்கிறான். ஒரு நாளாவது சட்டை நனைஞ்சிருக்கா? எவளோ இருக்கா!”

சிக்னே சிரித்தபடி திரையில் கோடுகளைப் பெரிதாக்கினாள்.

“துடுப்புப் போட்டா பெரிய பெரிய அலையா வரும். இது அது இல்ல. நடக்கிற காலடியும் இல்ல.”

“அப்ப டான்ஸா?”

“போடி! ரொம்ப நேரம் அசையாம கிடக்கு. அப்புறம் குட்டிக்குட்டி உதறல். உடனே முன்னும் பின்னுமா மெதுவா, ஒரே சீரா ஒரு ஆட்டம்…”

சிக்னேயின் சிரிப்பு சட்டென்று நின்றது.

“எதுவானாலும் சொல்லு, தாங்கிக்குவேன். பிள்ளையே வேண்டாம், நீ மட்டும் போதும்னு அவன் சொன்னதுக்காக என் ஆசையையே இத்தனை வருஷமா பூட்டி வெச்சவ நான்.”

சிக்னே தன் போனை எடுத்து, பழைய பதிவு ஒன்றைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். இரண்டு கோடுகளும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன.

“இது என்னோடது, டிட்டே. நான் காபிக் கடைக்குள்ள உட்கார்ந்திருந்தேன். இங்க எல்லாரும் செய்யிற மாதிரி வெளியே குழந்தை வண்டியில தூங்க விட்ட என் பொண்ணு முழிச்சா என் வாட்ச்சுல தெரியணும்னு, போனை அவ மெத்தைக்கடியில வெச்சிருந்தேன்.”