பாட்டிலுக்கு மேல் ஒரு மணி

காலையில் ஒரு டம்ளர் பால் காய்ச்சிக் குடிக்கிறேன். எட்டரை பஸ்ஸில் கீரப்பாளையம் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். சலைன் தீரப்போகும்போது மணி அடிக்க நான் செய்த கருவி, இன்று முதன்முறையாக ஒரு பெண் நோயாளியின் பாட்டிலுக்கு மேல் தொங்குகிறது. இரவெல்லாம் பாட்டிலைக் கவனித்த அவள் கணவர் சிங்காரம் ஸ்டூலிலேயே தூங்கிவிட்டார். வெயில் பட்ட நீர் பாட்டிலின் கழுத்துக்கு இறங்குகிறது. மணி அடிக்கிறது. வார்டின் கோடியிலிருந்து நர்ஸ் பிரிசில்லா ஓடிவந்து குழாயை மூடுகிறார். நேரத்துக்கு மூடியதால் குழாயில் ரத்தம் ஏறவில்லை. “அங்க வரைக்கும் கேட்டுது சார்!” எதிர்க்கட்டிலிலிருந்து ஓர் அம்மா, “எங்களுக்கும் ஒண்ணு மாட்டுங்க தம்பி” என்கிறார். சிங்காரம் பதறி எழுகிறார். “தூங்குங்கண்ணே, இனிமே அது பாத்துக்கும்” என்கிறேன். போன வருடம் இப்படியொரு ஸ்டூலில் மூன்று நாளாகக் கண்விழித்திருந்த என்னிடம் என் மனைவி கடைசியாகச் சொன்னது: “நீங்க கொஞ்சம் தூங்குங்க மாமா, பாட்டில நான் பாத்துக்கறேன்.”