கால் சுற்று

இரண்டு அட்டைகளும் அடுத்தடுத்து டாக்டரின் மேசைமேல் விழுந்தன.

ஒன்று, இரண்டு வாரத்துக்கு முன்பு அவரே கொடுத்தது. மற்றொன்று அதன் ஜெராக்ஸ்.

அம்மாவின் அட்டையில் பதினான்கு நாளுக்கும் பச்சை மையில் டிக் இருந்தது. அப்பாவின் அட்டையிலும் பதினான்கு. அவர் நேரத்தையும் எழுதியிருந்தார்.

பதினோரு வயது மகள் நாற்காலியில் மல்லாந்து, திறந்த வாயோடு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு மேல்தாடை குறுகல். பல்லுக்குக் கிளிப் போடுவதற்கு முன்னால் அதை அகலப்படுத்தியாக வேண்டும் என்று அண்ணத்தில் ஒரு திருகு பொருத்தியிருந்தார்கள். கம்பி போன்ற சின்னச் சாவியை அதன் துளைக்குள் விட்டு, தினமும் ஒரே ஒரு தடவை, வீட்டில் யாராவது கால் சுற்று தள்ள வேண்டும். தொலைந்தால் இருக்கட்டும் என்று டாக்டர் இரண்டு சாவி கொடுத்தனுப்பியிருந்தார்.

அந்த வீட்டில் அம்மாவும் அப்பாவும் பேசி எட்டு மாதமாகிறது.

ஆளுக்கொரு சாவியை எடுத்துக்கொண்டார்கள்.

"தினமும் காலைல நான்தான் திருகுறேன் டாக்டர். பிள்ளைக்குப் பல் முளைச்சதே அவருக்குத் தெரியாது" என்றாள் அம்மா.

"எட்டு மணி வரைக்கும் தூங்கறவங்க எப்பத் திருகினாங்களாம்?" அப்பா சுவரைப் பார்த்துக் கேட்டார். "ஆபீஸ் விட்டு வந்ததும் என் முதல் வேலையே இதுதான்."

பிள்ளையைத் தான்தான் பார்த்துக்கொள்வதாக எழுதிக் கொடுக்கும்படி இருவருமே கேட்டார்கள். வக்கீலிடம் காட்டவேண்டுமாம்.

டாக்டர் அட்டைகளை ஒட்டினாற்போல் வைத்து, தேதி தேதியாக விரலை நகர்த்தினார். பாதியில் விரல் நின்றது.

"ரெண்டு பேருமே திருகியிருக்கீங்க. பதினாலு நாள்ல இருபத்தெட்டு தடவை. இந்த எலும்பு என்னத்துக்கு ஆகும்?"

 

"அவர் கேட்டிருக்கணும்."

"அவங்க சொல்லியிருக்கணும்."

டாக்டர் அளவுகோலை எடுத்துச் சிறுமியின் வாய்க்குள் குனிந்தார். திருகு ஏழு மில்லிமீட்டர் விரிந்திருக்கும் என்று பயந்தார்.

மூன்றரைதான் இருந்தது.

மறுபடி அளந்தார். மூன்றரை. பதினான்கு கால் சுற்றுக்கு எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு. மயிரிழை கூடவில்லை, குறையவில்லை.

நிமிர்ந்தபோது அவர் குரலில் மரியாதை குறைந்திருந்தது. "அப்போ ஒருத்தர் சொல்றது பொய்."

அம்மா அப்பாவைக் காட்டினாள். அப்பா அம்மாவைக் காட்டினார். இருவர் முகத்திலும் ஒரே மாதிரியான சந்தோஷம்.

சிறுமி எழுந்து உட்கார்ந்து எச்சிலைத் துடைத்துக்கொண்டாள். பள்ளிப் பையிலிருந்து ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்தாள். அதில், காம்பஸுக்கும் அழிரப்பருக்கும் நடுவில், நிமிர்த்திய பேப்பர் கிளிப் ஒன்று கிடந்தது. அதைக் கருவிகள் இருந்த தட்டில் வைத்தாள்.

"ஒரு நாளைக்கு ஒண்ணுதான்னு நீங்க சொன்னீங்கல்ல. மிச்சத்தை நான் பாத்ரூம்ல பின்னாடி திருப்பிடுவேன்."

வலித்ததா என்று கேட்க டாக்டர் வாயெடுத்தார்.

அம்மா முந்திக்கொண்டாள். "யார் திருகினத?"

எட்டு மாதத்தில் முதல்முறையாக, அவள் கேட்ட கேள்விக்கான பதிலுக்கு அப்பாவும் காத்திருந்தார்.

சிறுமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒருநாள் விட்டு ஒருநாள்" என்றாள். "ஆளுக்கு ஏழு."