அளந்து பார்த்த வேர்கள்

ஜன்னலோரம் நாற்பது காகிதக் கோப்பைகள் வரிசையாக நிற்கின்றன. வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமே ஆன விவசாய ஆசிரியை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்க்கிறாள். காலை வெயிலில் ஈர மண் மினுங்குகிறது. இதுவரை பார்த்ததில் பீன்ஸ் விதை ஒன்றும் தலை நீட்டவில்லை. பள்ளிக்குப் பின்னாலிருக்கும் காலியிடம் தோட்டத்துக்கா, வண்டி நிறுத்தவா என்று இவற்றைப் பார்த்து முடிவுசெய்யத் தலைமை ஆசிரியை இப்போது வரப்போகிறார். “தண்ணி ஊத்துனீங்களா இல்லையா?” “தினம் ஊத்தினோம் மிஸ்.” “அப்புறம் என்னதான்டா பண்ணித் தொலைச்சீங்க?” முதல் பெஞ்சுக்காரன் நோட்டை நீட்டுகிறான். வேரின் நீளம் நாள்வாரியாக, மில்லிமீட்டர் பிசகாமல் இருக்கிறது. “நீங்கதானே மிஸ் வளர்ச்சியை தினம் அளக்கச் சொன்னீங்க. தோண்டி எடுத்து, கழுவி, ஸ்கேல் வச்சுப் பாத்துட்டுத் திரும்பப் பொதைச்சிட்டோம்.” மண் கையாலேயே அவள் நெற்றியில் அடித்துக்கொள்கிறாள். கடைசிக் கோப்பையில் மட்டும் இரண்டு பச்சை இலைகள். “இது யாரோடது?” பின் பெஞ்சுப் பெண் தயங்கி எழுகிறாள். “ஸாரி மிஸ். நான் ஒருநாள்கூட அளக்கல.” வராந்தாவில் செருப்புச் சத்தம் நெருங்குகிறது. “இதுக்கு வேர் எவ்வளவுன்னு பாத்துடலாமா மிஸ்?” என்று முதல் பெஞ்சுக்காரன் ஸ்கேலோடு வருகிறான். ஆசிரியை கோப்பையை இரண்டு கைகளாலும் வாரி மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்குகிறாள். தலைமை ஆசிரியை கதவைத் திறக்கிறார்.