பொந்துக்குள் கொஞ்ச நேரம்

முட்டையிடும் காலத்தில் பெண் இருவாச்சிப் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்ளும். சிறகும் உதிர்ந்துவிடும். பிறகு சின்ன இடுக்கு வழியாக ஆண் ஊட்டினால்தான் சாப்பாடு.

ஓர் ஆண் இருவாச்சி, தான் பார்த்து வைத்த பொந்தைக் காட்டியது. "நல்ல உயரம். பக்கத்துலயே அத்திமரம். இன்னும் என்னதான் வேணும் உனக்கு?"

"நீ வர லேட்டானா, உனக்கு என்ன ஆச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றது பெண்.

"என் மேல நம்பிக்கை இல்லையா? மத்தவங்க எல்லாம் கேள்வி கேக்காமத்தான் உள்ள போறாங்க."

"கோவிச்சுக்காதே. நீ கொஞ்ச நேரம் உள்ளே உட்காரு. நான் பழம் கொண்டு வரேன்."

ஆண் சிரித்துக்கொண்டே நுழைந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு போய்விட்டது. வெளியே ஏதோ நிழல் கடந்தது. கழுகா? அவளைத்தான் துரத்துகிறதா? ஒருவேளை அவள் வராமலே போய்விட்டால்? கூப்பிட்டுப் பார்த்தது. பதில் இல்லை.

பெண் ஓர் அத்திப்பழத்தோடு திரும்பியபோது ஆண் வாசலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "எங்கே போய்த் தொலைஞ்சே? ஒரு குரல் குடுக்கக் கூடாதா?"

"பக்கத்து மரத்துக்குத்தான் போனேன்."

பழத்தை ஊட்டிவிட்டுப் பெண் மெதுவாகக் கேட்டது: "வாசல் திறந்துதானே இருந்துச்சு? சிறகும் உன்கிட்டதானே இருக்கு?"