ஒரு துவாய்க்கு மூன்று நாள்

1963 ஆவணி, காலை ஆறேகால் மணி. கிளிநொச்சி ஸ்டேசனில் நாலு பெண்கள் கோச்சிக்காக நின்றார்கள். மற்ற மூன்று பேரையும் வெளிக்கிடுத்திக் கூட்டிவந்தவள் கமலாசனி.

"சீலை எடுக்க வவுனியாவுக்குப் போற ஆக்களை இண்டைக்குத்தான் காணுறன். யாழ்ப்பாணத்திலை கடை இல்லையோ?" என்றாள் இராசமலர்.

"கடை இருக்கு. என்ர தம்பியின்ர வீடு இல்லை. மூண்டு நாளைக்குச் சமைக்காமல் சாப்பிடுவம். பேசாமல் ஏறு."

குடியேற்றத் திட்டத்தில் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த காணி. காடு வெட்டிய நாளிலிருந்து சிநேகிதம். கூட வந்தவர்கள் இராசமலரின் மகள் அருந்ததியும் கமலாசனியின் மகள் விமலேஸ்வரியும்.

இராசமலர் வெளிக்கிட்டதே அருந்ததிக்காகத்தான். இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். தேத்தண்ணி குடித்தார்கள், போனார்கள். ஒரு பதிலும் இல்லை.

"இனி ஒருத்தருக்கு முன்னாலயும் தட்டோட வந்து குனிஞ்சு நிக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டாள் அருந்ததி. கலியாணம் என்று யாராவது வாயெடுத்தால் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போய்விடுவாள். நாலு இடம் பார்த்தால் பிள்ளையின் முகம் தெளியும் என்று தாய்க்கு ஒரு ஆசை.

வவுனியாவில் கமலாசனி நேரே போய் ஏறியது மீராசாகிபு முதலாளியின் புடவைக் கடையில்.

"கனகலிங்கம், மேல்தட்டில இருக்கிறதையும் இறக்கிக் காட்டு" என்றார் முதலாளி. சீலை காட்டும் பொடியன் ஏணியில் ஏறினான்.

கமலாசனிக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. ஒன்றின் கரை அகலம், மற்றதன் நிறம் வெளிறல். இருபது சீலை விரிந்து கிடந்தது. "நாளைக்கு வாறம்" என்று எழும்பினாள்.

வெளியே வந்ததும் இராசமலர் பிடித்துக்கொண்டாள். "உனக்கென்ன விசரோ? அந்தப் பொடியன் வேர்த்து வடியுது."

"காசு குடுக்கிற நான் பாக்கக்கூடாதோ? வா, பிள்ளையளுக்கு ஐஸ்பழம் வேண்டுவம்."

இரண்டாம் நாளும் அதே கடை. மத்தியானம் படம் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது மறுபடியும் அதே கடை. "பக்கத்துக் கடைக்கு எண்டாலும் போவம்" என்று இராசமலர் கெஞ்சிப் பார்த்தாள். எடுபடவில்லை.

மூன்றாம் நாள் கமலாசனி கதிரையில் இருந்துகொண்டு, "தம்பி, முதல்நாள் காட்டின அந்த மாம்பழக் கலரை ஒருக்கா எடும்" என்றாள்.

"எடுக்கிறன் அம்மா. நீங்கள் இன்னும் பாக்காத சீலை ஏதும் கடையில மிஞ்சியிருந்தால் அதையும் தேடித் தாறன்" என்றான் கனகலிங்கம், முகம் சுளிக்காமல்.

விமலேஸ்வரி கொக்கட்டமிட்டுச் சிரித்தாள். அருந்ததிக்கும் அடக்க முடியவில்லை. அவள் சிரித்து இராசமலர் கண்டு கனகாலம்.

விரித்த சீலைகளை அவன் தனியே மடிக்கக் கஷ்டப்பட்டான். அருந்ததி பொறுக்கமாட்டாமல் எழும்பிப்போய் ஒரு தலைப்பைப் பிடித்தாள். இராசமலர் கண்ணைக் காட்டினாள். மகள் கவனிக்கவில்லை. கமலாசனியோ கடை முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவள் வாங்கியது முகம் துடைக்க ஒரு துவாய்.

இராசமலருக்கு மானம் போயிற்று. கோச்சியில் ஏறியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வவுனியா ஸ்டேசன் பின்னால் போன பிறகு கமலாசனிதான் தொடங்கினாள்.

"அருந்ததி, அந்தக் கடைப் பொடியன் எப்பிடி?"

"பாவம் மாமி. வேற ஆளெண்டால் உங்களைக் கலைச்சிருக்கும். நல்ல பொறுமை."

"அப்ப சரி. அவன்ர தாய் போன மாசம் எங்களோட உன்னைக் கோயிலில கண்டு, என்ர தம்பியிட்டை விசாரிச்சவா. நல்ல குடும்பம்."

இராசமலர் நிமிர்ந்தாள். "எடியே! என்னட்டைச் சொல்லியிருக்கலாமே?"

"உனக்குச் சொன்னால் உன்ர முகமே சொல்லிப்போடும். இவளுக்குச் சொன்னால் கடை வாசல் மிதிச்சிருக்க மாட்டாள். அவனுக்குச் சொல்லியிருந்தால் பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டிருப்பான். கடையில முதலாளிக்கு மட்டும் தெரியும். இல்லாட்டி மூண்டு நாள் எங்களை உள்ளுக்கு விடுவாரோ?"

"அதுக்கு இப்பிடியோ அந்தப் பிள்ளையைப் போட்டு வதைக்கிறது?"

"நான் என்ர மனிசனை நிமிர்ந்து பாத்தது தாலி கட்டின பிறகுதான். அடுத்த நாளே சோத்துக் கோப்பை பறந்தது. தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில ஒருத்தனுக்குக் கோவம் வருமோ வராதோ எண்டு ஆருக்குத் தெரியும்? ஆத்திரப்படுத்திப் பாத்தால்தான் தெரியும். என்னாலை ஏலுமான அளவு பாத்திட்டன். வரேல்லை."



"அவன் ஓமெண்ண வேணுமே" என்றாள் இராசமலர் மெல்ல.

"முதல் ரெண்டு நாளும் அவன் மடிச்ச மடிப்பு ஒண்டும் பிழைக்கேல்லை. இண்டைக்கு இவள் தலைப்பைப் பிடிச்ச பிறகு நாலு தரம் பிழைச்சது. நான் முகட்டையே பாத்துக்கொண்டிருந்தனான் எண்டு நினைச்சியோ?"

அருந்ததி யன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். புளியங்குளம் தாண்டிய பிறகு, திரும்பாமலே சொன்னாள்.

"மாமி, எனக்கு ஓமெண்டு அம்மாவிட்டைச் சொல்லுங்கோ."

அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். கமலாசனியின் கையைப் பிடித்தவள், மாங்குளம் வந்தும் விடவில்லை.

1964ஆம் ஆண்டு தை மாதம் 22ஆந் திகதி, புதன்கிழமை காலை, கிளிநொச்சியில் பெண் வீட்டில் அருந்ததிக்கும் கனகலிங்கத்துக்கும் கலியாணம் நடந்தது.