போ ராசா

ராக்கெட் என்கிற அந்த நாய், யாராவது 'போ ராசா' என்று சொன்னால்தான் மூத்திரம் போகும். சிட்டிபாபு அப்படிப் பழக்கியிருந்தார். போய் முடித்ததும் சட்டைப்பையிலிருந்து டீக்கடைப் பொறை ஒன்றை எடுத்துக் கொடுப்பார்.

தை மாதம் அவர் இறந்துபோனார். அதன்பின் அவருடைய மனைவி தேவதர்ஷினி அதைத் தெருமுனைக்குக் கூட்டிப்போய் அந்தச் சொல்லைச் சொன்னாள். நாய் கேட்டுக்கொண்டது. வீடெல்லாம் தூளாகிறது என்று பொறை வாங்குவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

போன வாரத்திலிருந்து ராக்கெட் ஹாலில், செருப்பு ஸ்டாண்டின் அருகே மூத்திரம் போகிறது. கூடுவாஞ்சேரி டாக்டர் சோதித்துப் பார்த்தார். பழக்கிய விதத்தையும் கேட்டுக்கொண்டார்.

"இன்ஃபெக்‌ஷன் எதுவும் இல்ல மேடம். வீட்ல வேற யாராச்சும் அப்படிச் சொல்றாங்களா?"

"நான் மட்டும்தான் சார் இருக்கேன்."

"அப்போ பக்கத்துலயே இருந்து பாருங்க."

அன்று மாலை அவள் கதவைச் சாத்திவிட்டு ஹாலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினாள். ராக்கெட் எழுந்துபோய் ஸ்டாண்டின் அருகே நின்றது. உடனே போகவில்லை. ஓர் ஆள் உயரத்துக்குத் தலையைத் தூக்கிப் பார்த்தபடி காத்திருந்தது. காதுகள் சட்டென்று நிமிர்ந்தன. பிறகுதான் காலைத் தூக்கியது.

"ச்சீ! ராக்கெட்!"

அது திரும்பவில்லை. வாலை ஆட்டி, எம்பி, வாயைத் திறந்து மூடியது. மொறுமொறுவென்று மெல்லும் சத்தம் கேட்டது.

தேவதர்ஷினி மாப்பை எடுத்து வந்தாள். ஈரத்துக்குப் பக்கத்தில் பொறைத் தூள் சிதறிக் கிடந்தது. ராக்கெட் அதை நக்கி முடிக்கும்வரை நின்றாள். அப்புறம் துடைத்தாள்.